பந்தயம் வரட்டும், பாதை பறிபோக வேண்டாம்!

சென்னையில் மீண்டும் மோட்டார்ப் பந்தயம் வேண்டும் என்கிறார்கள். வேண்டும் என்போர் பக்கத்திலேதான் நாமும் நிற்கிறோம். ஆனால், "எங்கே நடத்துவது?" என்ற கேள்வி எழுந்ததும், தீவுத்திடலைச் சுற்றியுள்ள தெருக்களை நோக்கி விரல் நீட்டுகிறார்களே, அந்த இடத்திலேதான் அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு!

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாட்கள் நடந்ததை நாடறியும். கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் ஆகியவற்றை வளைத்து, மூன்றரைக் கிலோமீட்டர்ச் சுற்று ஒன்றை அமைத்தார்கள். தடுப்புச் சுவர்கள் எழுந்தன. விளக்குகள் இரவைப் பகலாக்கின. கார்கள் சீறிப் பாய்ந்தன. 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டிய பந்தயம் அது. மிக்ஜாம் புயல் வந்தது, ஊர் வெள்ளக்காடாயிற்று, பந்தயம் ஒத்திப்போடப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அன்று ஆண்டவர்கள் நம் கொள்கை வழி வந்தவர்கள் என்பதற்காக, நாம் வாய்மூடி இருத்தல் தகுமோ? தகாது! வேண்டியவர் செய்தாலும் வேண்டாதவர் செய்தாலும், செயலை எடைபோடும் தராசு ஒன்றே. அதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.

நாம் வேகத்தின் விரோதிகள் அல்லர். 'இனிவரும் உலகம்' தந்த பெரியாரின் மாணவர்கள் எந்திரத்தைக் கண்டு எரிச்சல் கொள்வது எங்ஙனம்? பந்தயக் கார் மனித மூளையின் வெற்றி. சக்கரம் சாலையைக் கவ்வுவது கணக்கால். வளைவிலே வண்டி கவிழாமல் நிற்பது விஞ்ஞானத்தால். வெற்றியை அளப்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கால். அங்கே ராகு காலம் பார்த்துக் கொடி அசைப்பார் இல்லை. விளக்கு அணைந்தால் வண்டி புறப்பட வேண்டும், அவ்வளவே! ஒலியை விஞ்சும் போர்விமானத்தை வாங்கச் சென்ற ஒன்றிய அமைச்சர், 2019 அக்டோபரில், பிரான்சு மண்ணிலே அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்த நாடு இது! இங்கே, எந்திரத்தை எந்திரமாகக் காணப் பழக்கும் விளையாட்டை நாம் வரவேற்காமல் வேறு யார் வரவேற்பது?

"குதிரைப் பந்தயத்தை எதிர்த்தவர்கள் கார்ப் பந்தயத்தை ஆதரிப்பதா?" என்று கேட்போர் உளர். கேட்கட்டும், விடை இருக்கிறது. 1974-இல் கழக ஆட்சி குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது, குதிரை ஓடுகிறதே என்பதற்காக அன்று. கூலிக்காரனின் குடும்பம் சூதிலே சாய்கிறதே என்பதற்காக! மோட்டார்ப் பந்தயத்தின் அச்சாணி சூதாட்டமன்று. பழக்கமும் துணிவும் தொழில்நுட்பமும்.

அதிலே தமிழகம் புதிதாகப் பால்குடிக்கும் பிள்ளையும் அன்று. சென்னையின் மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953-இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் சோழவரத்திலே சும்மா கிடந்தது. போருக்கென இட்ட பாதையைப் பந்தயத்துக்கு ஆக்கினார்கள். யாருடைய தெருவையும் மறிக்கவில்லை. யாருடைய வழியையும் பறிக்கவில்லை. பின்னர், 1990-இல், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓடுகளமே எழுந்தது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இலும், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-இலும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இடம்பெற்றார்களே, தீவுத்திடல் தெருக்களிலா பயின்றார்கள்? இல்லை! தெருப் பந்தயம் பிறக்கும் முன்பே வீரர்கள் பிறந்துவிட்டார்கள்.

களம் இருக்கிறது, கலை இருக்கிறது. பின் எதற்காகக் கடைவீதிக்கு வருகிறார்கள்?

தோழர்களே! சாலை என்பது தாரும் கல்லும் மட்டுமன்று. நம் இயக்க வரலாற்றின் முதல் ஏடுகளைப் புரட்டுங்கள். 1924-இல் வைக்கத்திலே நடந்தது என்ன? கோயிலுக்குள் நுழையும் போராட்டமா? அன்று! கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நடக்கும் உரிமைப் போராட்டம்! "நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம், மனிதன் நடக்கலாகாதோ?" என்பதே அங்கே எழுந்த பிரச்சினை. அதற்காகப் பெரியார் இருமுறை சிறை புகுந்தார். தெரு எல்லோர்க்கும் பொது என்ற ஒரு வரி, குருதியும் வியர்வையும் சிந்தி எழுதப்பட்டது. அன்று சாதி குறுக்கே நின்றது. இன்று சீட்டு குறுக்கே நிற்கிறது. இரண்டும் ஒன்றென்று நாம் உரைக்கவில்லை. சாதியின் கொடுமைக்கு ஈடாக எதையும் வைக்க முடியாது. ஆனால், பொதுப் பாதையை, காசு கொடுத்தவன் காண, காசற்றவன் சுற்றிப்போக என்று இரண்டு நாளைக்கேனும் மாற்றுவோர், வைக்கத்தின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் முன் சற்றே சிந்திக்கட்டும்.

அந்தத் தெருக்களிலே போகிறவர் யார்? அருகிலே ஓமந்தூரார் அரசு மருத்துவமனை. அப்பால் அரசு பொது மருத்துவமனை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வருகிறவனுக்குப் "பந்தயம் நடக்கிறது, சுற்றிப் போ!" என்பதா விடை? பேருந்துக்குக் காத்திருக்கும் பணிப்பெண்ணும், கடற்கரையிலே சுண்டல் விற்கும் சிறுவணிகனும் இழந்த இரண்டு நாள் வருமானத்தை எந்தக் கணக்கிலே எழுதினார்கள்?

இன்னொன்றும் கேட்போம். தீவுத்திடலுக்கு அருகே, கூவக் கரையிலே, சத்தியவாணி முத்து நகர் என்றொரு குடியிருப்பு இருந்தது. அண்ணாவின் அமைச்சரவையில் அமர்ந்த அம்மையாரின் பெயர் தாங்கிய ஊர். கூவத்தைச் சீரமைக்கிறோம் என்று சொல்லி, 2019 டிசம்பர் தொடங்கி, அங்கிருந்த ஏழை மக்களை அகற்றி, தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பந்தயத்துக்காக நடந்ததன்று. அதை மறைக்க நமக்குத் தேவையில்லை. ஆனால், நகரின் நடுவே ஏழைக்குக் குடிசை போட இடமில்லை, காருக்குக் களியாட்டம் போட இடமுண்டு என்றால், இந்த நகரம் யாருக்காக என்று கேட்பது குற்றமா?

"மொனாக்கோவைப் பாருங்கள்! சிங்கப்பூரைப் பாருங்கள்!" என்று எக்காளமிடுகிறார்கள். பார்த்தோம். மொனாக்கோ, சற்றேறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டரே கொண்ட நாடு. 1929 முதல் தெருவிலே ஓட்டுகிறது, தெருவை விட்டால் அதற்கு வேறு திடல் ஏது? சிங்கப்பூர் 2008-இல் தொடங்கியது. அந்நகரின் செல்வமும் போக்குவரத்து வசதியும் வேறு. இவ்விரண்டையும் காட்டுவோர் இங்கிலாந்தைக் காட்டுவதில்லையே, ஏன்? பொதுச் சாலையிலே பந்தயம் கூடாது என்று அங்கே தடை இருந்ததால்தான், 1907-இலேயே புரூக்லண்ட்ஸ் என்ற தனிக் களம் கட்டினார்கள். இத்தாலியையும் காட்டுவதில்லை! 1957-இல் அங்கே ஊர்ச்சாலைகள் வழியே நடந்த மில்லே மில்யா பந்தயத்தில் ஒரு கார் தடம் புரண்டு, வேடிக்கை பார்த்த ஒன்பது பேரைக் கொன்றது. அவர்களுள் ஐவர் குழந்தைகள். அத்துடன் அந்தச் சாலைப் பந்தயத்துக்கு அந்நாடு முற்றுப்புள்ளி இட்டது. இன்று தடுப்புச் சுவர்களும் பாதுகாப்பு விதிகளும் எவ்வளவோ வளர்ந்துள்ளன, உண்மை. வளர்ந்த அறிவு சொல்வதும் இதுவே: வேகத்துக்கென்று வேலியிட்ட களம் வேண்டும்.

"பந்தயத்தால் சாலைகள் செப்பனிடப்பட்டனவே!" என்பது அடுத்த வாதம். விந்தை! கார் பறக்க வழவழப்பான சாலை போட முடிந்த கைகளுக்கு, வியாசர்பாடியிலே பள்ளிக்குச் செல்லும் பிள்ளை நடக்க ஒரு நல்ல தெரு போட முடியாதா? சீமான் வீட்டு விருந்துக்காக வீதியைக் கூட்டிவிட்டு, "உங்களுக்காகத்தான் கூட்டினோம்" என்று வீதியிலே படுத்திருப்பவனிடம் சொல்வது போன்ற வாதம் இது!

மற்றொரு வாதத்தில் மட்டும் சற்றே சாரம் உண்டு. "இருங்காட்டுக்கோட்டை நாற்பது கிலோமீட்டர் தொலைவு, பொதுமக்கள் எப்படிப் போவார்கள்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. களம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வடக்கே சான்றும் உண்டு. கிரேட்டர் நொய்டாவிலே பெருஞ்செலவில் களம் கட்டினார்கள். 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டு ஃபார்முலா ஒன் ஓடியது. வரிச் சிக்கலிலே நின்றது. ஆகவே, களத்தை மக்களிடமிருந்து பிரித்து வைத்தால் அது வெறிச்சோடும். விடை, மக்களின் தெருவைப் பறிப்பதன்று. மக்களைக் களத்துக்கு அழைத்துச் செல்வது!

அந்தக் களத்தைச் சுற்றி இருப்போர் யார்? கார் செய்யும் தொழிலாளர்! 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலே கார்கள் உருவாகின்றன. எந்திரத்தைப் பூட்டுகிறவனும், கதவைப் பொருத்துகிறவனும் அங்கேதான் இருக்கிறான். அவன் கை செய்த காரின் பெருமையை அவனும் அவன் பிள்ளையும் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

எனவே நாம் கேட்பன இவை. பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கே வரட்டும். அன்று சென்னையிலிருந்து அரசுப் பேருந்துகள் ஓடட்டும். தொழிலாளிக்கும் தொழிற்பயிற்சி நிலைய மாணவனுக்கும் எளிய விலையில் இருக்கை ஒதுக்கட்டும். பட்டறைக் கதவுகளைத் திறந்து, பொறியியல் பயிலும் ஏழை மாணவியும் மாணவனும் கைவைத்துக் கற்க வழி செய்யட்டும். பொதுப்பணம் ஒரு காசு செலவானாலும், வரவும் செலவும் மக்கள் மன்றத்திலே வைக்கப்படட்டும்.

இதனை ஏற்றால், முதல் வரிசையிலே நின்று கைதட்டுவோர் நாமாக இருப்போம். மறுத்து, மீண்டும் அண்ணாவின் பெயர் தாங்கிய சாலையிலே தடுப்புச் சுவர் எழுப்புவார்களேயானால், அந்தச் சுவரின் முன் நின்று கேள்வி கேட்போரும் நாமாகவே இருப்போம். கார் களத்திலே ஓடட்டும். தெருவிலே மனிதன் நடக்கட்டும்!