ஆயுதம் தருமா பாதுகாப்பு?

திருவனந்தபுரம் வலியதுறையில் 2018-ம் ஆண்டின் தொடக்கத்தில் திருநங்கை ஒருவர், குழந்தை கடத்த வந்தவர் என்ற சந்தேகத்தின்பேரில் ஒரு கும்பலால் தாக்கப்பட்டார். எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகள் வழியே தமிழர்கள் நன்கறிந்த சாலைக் கடைத்தெருவிலிருந்து அந்த இடம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2017 டிசம்பர் இறுதியில், கோழிக்கோட்டில் திருநங்கைகளைப் போலீஸாரே அடித்ததாகப் புகார் எழுந்தது. மாற்றுப் பாலினத்தவருக்கென 2015-ல் நாட்டிலேயே முதலாவதாகக் கொள்கை வகுத்த மாநிலத்தின் நிலை இது.

கும்பலும் அடிக்கிறது, காக்க வேண்டியவர்களும் அடிக்கிறார்கள் என்றால், ஆயுதம் ஏந்தித் தன்னைத் தானே காத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. அமெரிக்காவில் இது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. 2000-ல் தொடங்கப்பட்ட 'பிங்க் பிஸ்டல்ஸ்' அமைப்பு, தன்பாலின ஈர்ப்பாளர்களும் மாற்றுப் பாலினத்தவரும் துப்பாக்கிப் பயிற்சி பெற்றுச் சட்டப்படி ஆயுதம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரசாரம் செய்தது. தனிநபர் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-ல் உறுதி செய்த வழக்கில், இந்த அமைப்பும் தனது வாதத்தை எழுத்துப்பூர்வமாகச் சமர்ப்பித்தது. போலீஸார் வரும்வரை தாக்குபவன் காத்திருக்கப் போவதில்லை என்ற கூற்றில் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், அதே நாட்டின் அனுபவம் வேறொன்றையும் சொல்கிறது. 2016 ஜூன் 12-ல் ஆர்லாண்டோ நகரின் 'பல்ஸ்' விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அங்கு ஆயுதம் தாங்கிய போலீஸ்காரர் ஒருவர் காவலுக்கு இருந்தார், திருப்பியும் சுட்டார். படுகொலையைத் தடுக்க முடியவில்லை. கொலையாளியோ தனது துப்பாக்கிகளைக் கடையில் சட்டப்படி வாங்கியிருந்தார். 2025 செப்டம்பரில், மாற்றுப் பாலினத்தவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்வது குறித்து அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் ஆலோசித்ததாகச் செய்திகள் வெளியாயின. நலிந்த பிரிவினர் கையிலுள்ள ஆயுதம், ஆட்சியாளரின் மனம் மாறினால் பறிபோகக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்த வழி ஏறத்தாழ அடைபட்டதே. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் அரசு தரும் அனுமதியே தவிர, குடிமகனின் உரிமை அல்ல. விண்ணப்பித்தால் காவல் நிலையத்தின் அறிக்கை வேண்டும். எந்தக் காவல் நிலையத்துக்குள் நுழையவே திருநங்கை அஞ்சுகிறாரோ, அதே நிலையம்தான் அவருக்கு நற்சான்று தர வேண்டும். முகவரிச் சான்றும் எளிதல்ல. 2017-ல் கொச்சி மெட்ரோவில் வேலை கிடைத்த திருநங்கைகளில் சிலர், தங்க வீடு கிடைக்காமல் வேலையையே விட நேர்ந்ததை மறந்துவிட முடியாது.

அப்படியானால் அவர்களுக்குச் சட்டம் தரும் காவல் என்ன? 2019 ஆகஸ்ட் 5-ல், காஷ்மீர் விவகாரத்தில் நாடே கவனம் செலுத்திய நாளில், மாற்றுப் பாலினத்தவர் பாதுகாப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. அன்று நிறைவேறிய வடிவில், அவர்கள்மீதான பாலியல் கொடுமைக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுகளே. பெண்ணுக்கு எதிரான பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டுகள் என்பதை ஒப்பிட்டால், இந்தப் பாகுபாடு எத்தகையது என்பது விளங்கும்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் வேதனைக்குரியது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் 377-வது பிரிவிலிருந்து இருவரின் சம்மதத்துடனான உறவை மட்டுமே விலக்கியது. சம்மதமற்ற வன்கொடுமை குற்றமாகவே நீடித்தது. பாரதிய நியாய சம்ஹிதையை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, அந்தப் பாதுகாப்பைத் தக்கவைக்குமாறு பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் மசோதா நிறைவேறி, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. 377 முற்றிலுமாக மறைந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 'இயற்கைக்கு மாறான இச்சை'யுடன் தாக்க வருபவரைத் தற்காப்புக்காகக் கொல்லவும் அதே சம்ஹிதையின் 38-வது பிரிவு இடமளிக்கிறது. ஆனால், அந்த வன்கொடுமையை நிகழ்த்தியவரை அதற்கெனத் தண்டிக்கும் தனிப்பிரிவு சம்ஹிதையில் இல்லை. எதிர்த்துப் போராட வலுவிருந்தால் பிழைத்துக்கொள், இல்லையேல் உன் விதி என்று ஒரு நாகரிக நாட்டின் சட்டம் கூறலாமா? தனிமனிதரைத் துப்பாக்கியை நோக்கித் தள்ளுவது இத்தகைய இடைவெளிதான்.

இதைச் சரிசெய்யக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில், சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்று கூறி நிராகரித்தது. ஆகவே பொறுப்பு இரு அவைகளையுமே சார்ந்தது. பாதிக்கப்பட்டவர் எந்தப் பாலினமாயினும் வன்கொடுமைக்கு ஒரே தண்டனை என்ற திருத்தம் வர வேண்டும்.

அத்துடன் காவல்துறையின் கதவும் திறக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடி வென்ற திருநங்கை பிரித்திகா யாஷினி, 2017-ல் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். அவரைப் போன்றவர்கள் காவல் நிலையந்தோறும் இருந்தால், வலியதுறையில் அடிபட்டவரைப் போன்றவர்கள் தயக்கமின்றி அங்கு படியேறுவார்கள். அந்த நிலை வரும்வரை, அவர்கள் ஆயுதத்தைப் பற்றி யோசிக்கிறார்களே என்று அங்கலாய்க்கும் தகுதி நமக்கில்லை.