முதுகு நோவும் நெட்டி வைத்தியமும்

குழித்தறியில் நாள் முழுதும் குனிந்திருக்கும் நெசவாளருக்கும், மஞ்சள் மூட்டை சுமக்கும் குடியானவருக்கும் முதுகு நோவு புதிதன்று. முதுகெலும்பைத் திருகி நெட்டி எடுக்கும் ‘கைரோபிராக்டிக்’ வைத்தியத்தைக் கைப்பேசிப் படங்களில் கண்டு, அது நமக்கு ஆகுமா என அரூர் வட்டார அங்கத்தினர் பலர் வினவுகின்றனர். அது குறித்து நமது கருத்தைக் கூறுவோம்.

இம்முறையை 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் தோற்றுவித்தவர் டி. டி. பாமர். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பின் பிசகே காரணம் என்ற அவரது கொள்கையை இன்றைய விஞ்ஞானம் ஏற்கவில்லை. நெட்டி எடுக்கையில் எழும் ஒலியும் எலும்பு தன் இடத்தில் அமரும் ஒலியன்று. மூட்டு நீரில் வாயு வெற்றிடம் தோன்றும் ஒலியே.

அப்படியாயின் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அளவோடு. நாட்பட்ட இடுப்பு நோவுக்கு இது ஓரளவு உதவலாம் என உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. தேகப்பயிற்சியையும் அது சிபாரிசு செய்கிறது. இடுப்புப் பட்டை அணிவதை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்கிறது.

அபாயம் உண்டா? கழுத்தை வேகமாகத் திருகுவதால் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. அது அரிது, ஆயினும் கொடிது. எலும்பு மெலிந்த முதியோருக்கும், முதுகெலும்பில் காசநோய் கண்டோருக்கும் நெட்டி எடுத்தல் ஆகாது. நோவுடன் காய்ச்சல், கால் மரத்தல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

யாரிடம் செல்வது? நம் நாட்டில் கைரோபிராக்டிக் வைத்தியருக்கெனச் சட்டபூர்வமான பதிவேடு இல்லை. இயன்முறை மருத்துவமோ 2021-ஆம் ஆண்டின் தேசியச் சட்டத்துள் அடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், அச்சிகிச்சையை வீட்டுக்கே கொணர ஏற்பட்டது. வர்மமும் தொக்கணமும் நாடுவோர், பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடமே செல்க. எவரிடம் சென்றாலும், முதலில் அவரது படிப்பு யாது எனக் கேட்பது நமது உரிமை.

எனினும், நோவைத் தரும் வேலைமுறை மாறாதிருக்க, சிகிச்சைக்கு மட்டும் கூலியைச் செலவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாகும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கத்தக்க உச்ச எடை 55 கிலோ எனச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இலேயே சிபாரிசு செய்தது. நமது மூட்டைகள் அவ்வளவைத் தாண்டலாகாது. பெண்டிருக்கும் முதியோருக்கும் இன்னும் குறைதல் வேண்டும். தறிக்குழியின் ஆழமும் உட்காரும் பலகையின் உயரமும் நெசவாளரின் உடலுக்கு ஏற்ப அமைதல் வேண்டும். இவை தனி ஒருவரால் ஆகத்தக்கவை அல்ல, சங்கத்தால் ஆகும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.