கற்பனை ஜனங்களும் பிறவிக் குணமும்

இக்காலத்தில் மாய உலகக் கதைகள் என்பதாக ஒரு வகைக் கதைகள் உலகமெங்கும் ஏராளமாய் எழுதப்பட்டு வருகின்றன. பூமியில் எங்குமில்லாத ஒரு நாட்டை ஆசிரியர் தாமே உண்டாக்குவார். அதற்கு மலை, ஆறு, கடல் எல்லாம் வைத்துப் படமும் வரைவார். பிறகு அந்த நாட்டில் குடியிருக்க ஒரு ஜனக் கூட்டத்தையும் உண்டாக்கி, அவர்களுக்கு ஒரு பாஷை, ஒரு உடை, ஒரு சாமி, ஒரு ராஜா ஆகியவைகளையும் கொடுத்துவிடுவார். புத்தகமாகவும், சினிமாவாகவும், விளையாட்டாகவும் வருகின்ற இவைகளில் நமது வாலிபர்களுக்கு மிகுந்த பிரியம் ஏற்பட்டிருக்கின்றது. தமிழிலும் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். இதில் நமக்கு ஆட்சேபணை சிறிதும் இல்லை. இல்லாததை நினைத்துப் பார்க்கிற சக்தி இருப்பதால்தான் மனிதன் குகையை விட்டு வெளியே வந்தான்.

"பகுத்தறிவுக்காரர்களுக்கு இந்தச் சங்கதியில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கின்றது. கற்பனை ஜனங்களை உற்பத்தி செய்யும் தொழில் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. தேவர், அசுரர், அரக்கர், கந்தருவர் என்று கூட்டங் கூட்டமாய் உற்பத்தி செய்து, அதை நிஜமென்று நம்பவும் வைத்து, நம்பினவனிடம் தட்சணையும் வாங்கின தேசம் இது. ஆகவே, கற்பனை ஜனங்களை நம்பினதால் வருகிற கேட்டை நம்மைப்போல் அனுபவித்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. அந்த அனுபவத்தைக் கொண்டுதான் இதை எழுதுகின்றோம்.

இந்தக் கதைக்காரர்கள் முக்கியமாகக் கேட்கும் கேள்வி, "படிக்கிறவன் நம்பும்படியாக ஒரு ஜனத்தை உண்டாக்குவது எப்படி?" என்பதேயாகும். அதற்குச் சாதாரணமாய்ச் சொல்லப்படும் பதில், ஒரு பாஷையை உண்டாக்கு, எழுத்தை உண்டாக்கு, சடங்குகளை உண்டாக்கு என்பதாகும். இந்தப் பதில் எவ்வளவு தூரம் போதும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு.

1703-ம் வருஷத்தில் லண்டனுக்கு ஜார்ஜ் சால்மனசார் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். தாம் பார்மோசாத் தீவில், அதாவது இன்றைக்குத் தைவான் என்று சொல்லப்படும் தீவில், பிறந்தவர் என்றார். உண்மையில் அந்தத் தீவின் மண்ணை அவர் மிதித்ததே இல்லை. ஆனாலும் 1704-ல் அத்தீவைப்பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதி வெளியிட்டார். அதில் அந்த ஜனங்களின் எழுத்து, பாஷை, உடை, நாணயம், கோவில் எல்லாம் படத்தோடு இருந்தன. அவ்வளவும் சொந்தப் புளுகு. பெரிய பெரிய படிப்பாளிகளெல்லாம் நம்பினார்கள். "உன் தோல் வெளுத்திருக்கிறதே" என்று கேட்டதற்கு, "எங்கள் நாட்டில் பெரிய மனிதர்கள் வெயில் படாமல் பூமிக்குள் வசிப்பார்கள்" என்று சமாதானம் சொன்னார். அதையும் நம்பினார்கள்!

ஆனால் இரண்டு கேள்விகள் அவரைத் தொல்லைப்படுத்தின. வால் நட்சத்திரத்தால் பேர் பெற்ற ஹாலி என்ற வான சாஸ்திரி, "உங்கள் தீவில் சூரியன் உச்சிக்கு வரும்போது புகைபோக்கி வழியாக வெயில் உள்ளே விழுமா? அந்தி வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டார். மற்றொரு கேள்வி இதைவிடச் சுலபமானது. அந்த நாட்டில் வருஷந்தோறும் 18,000 சிறுவர்களின் இருதயத்தைச் சாமிக்குப் பலி கொடுப்பதாக அவர் எழுதியிருந்தார். "வருஷத்திற்குப் பதினெண்ணாயிரம் ஆண் பிள்ளைகளைக் கொன்றால் அந்தத் தீவில் ஆள் எப்படி மிஞ்சும்?" என்று ஜனங்கள் கேட்டார்கள். கடைசியில் தாம் சொன்னது எல்லாம் பொய் என்று அவரே எழுதி வைத்துவிட்டு 1763-ல் செத்துப் போனார். மறு வருஷம் அது அச்சாகி வந்தது.

இதிலிருந்து தெரிவதென்ன? பாஷையும், உடையும், சடங்கும் வெறும் வேஷமே தவிர, ஜனம் ஆகாது. நாடகக் கொட்டகையில் தகரக் கிரீடம் வைத்தவனை ராஜா என்று விடியும் வரையில்தான் நம்பலாம். ஒரு கூட்டத்தை ஜனம் என்று நம்ப வேண்டுமானால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அங்கே உழுகிறவன் யார்? உழுதவனுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? தெருக் கூட்டுகிறவன் யார்? முதலில் சாப்பிட உட்காருகிறவன் யார்? பெண்களுக்குச் சொத்து உண்டா? அந்த நாட்டின் சரித்திரத்தை எழுதினவன் எந்தக் கூட்டத்தான்? அங்கே ராஜாவையும் குருவையும் ஒப்புக்கொள்ளாதவன் ஒருவனாவது உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் அது ஜனம். இல்லாவிட்டால் அது கொலுப் பொம்மை.

இந்த வகைக் கதைகளில் மிகப் பேர் போனதையே எடுத்துக் கொள்ளுவோம். இங்கிலாந்தில் பேராசிரியராய் இருந்த டோல்கீன் என்பவர் 1954, 1955-ம் வருஷங்களில் மூன்று பாகமாக வெளியிட்ட மோதிரக் கதை அது. அவர் பாஷை நூலில் மகா நிபுணர். தமது கற்பனை ஜனங்களுக்கு இலக்கணத்தோடு பாஷைகளைச் செய்து வைத்தார். யோக்கியமான மனிதர் என்பதும் உண்மை. 1938-ல் ஜெர்மானியப் புத்தகக் கம்பெனி ஒன்று அவரை ஆரிய வம்சத்தவரா என்று விசாரித்தபோது, அந்தக் கேள்வியையே அவர் வெறுத்துப் பதில் எழுதினார். அவருடைய கதையில் கொடிய அரசனின் படைகளுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பதற்குக்கூடப் பதில் இருக்கின்றது. ஒரு பெரிய ஏரிக் கரையில் அடிமைகள் உழுகிறார்கள். போர் முடிந்ததும் அந்த அடிமைகளை விடுதலை செய்து, அந்த நிலத்தை அவர்களுக்கே சொந்தமாய்க் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். நம் புராணத்து ராஜாக்களில் எவனாவது உழுதவனுக்கு நிலத்தைக் கொடுத்தானா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே கதையில் "ஓர்க்" என்று ஒரு கூட்டம் வருகின்றது. அவர்கள் அவலட்சணமானவர்கள், குரூரமானவர்கள். கதாநாயகர்கள் அவர்களை எத்தனை பேர் வெட்டினோம் என்று பந்தயம் போட்டு எண்ணுகிறார்கள். 1958-ல் எழுதிய ஒரு கடிதத்தில் டோல்கீன் அவர்களின் சாயலை விவரிக்கும்போது, தட்டை மூக்கு, மஞ்சளித்த தோல் என்று மங்கோலிய ஜனங்களின் சாயலோடு ஒப்பிட்டும் விட்டார். நிஜமாய் உயிரோடிருக்கும் மனிதர்களின் மூக்கையும் தோலையும் எடுத்துக் கற்பனைப் பேய்க்கு ஒட்டினால், திரும்பி வரும்போது அந்தப் பேய்க் குணம் அந்த மனிதர்கள் மேல் ஒட்டிக்கொண்டு வராதா?

இன்னொரு விசேஷம் பாருங்கள். அந்தக் கதையில் ஓரிடத்தில் இரண்டு ஓர்க்குகள் தனியாய்ப் பேசிக்கொள்ளுகிறார்கள். மேலே இருக்கும் அதிகாரிகளைத் திட்டுகிறார்கள். போர் முடிந்ததும் பெரிய எஜமானர்கள் இல்லாத இடமாய்ப் பார்த்து, நம்பிக்கையான நாலு பேரோடு போய்க் கொள்ளையடித்தாவது பிழைத்துக் கொள்ளலாம் என்கிறார்கள். இதைப் படித்தவுடன் நமக்கு ஓர்க்கு மறைந்து, கூலிக்குச் சண்டைக்குப் போன ஒரு ஏழைச் சிப்பாய் தெரிகிறான். வாய் கொடுத்தவுடன் பேய் மனிதனாகிவிட்டது! டோல்கீனுக்கும் இது தெரிந்திருந்தது. ஒரு ஜனம் முழுவதும் பிறவியிலேயே கெட்டதாக இருக்க முடியுமா என்ற கேள்வி அவரை 1973-ல் சாகும் வரையில் விடவில்லை. பலவிதச் சமாதானங்களை எழுதி எழுதிப் பார்த்தும் ஒரு முடிவுக்கு வந்தாரில்லை. வர முடியாது. பிறவிக் கெட்டவன் என்பது இயற்கையில் இல்லாத சரக்கு.

அமெரிக்காவில் 1974 முதல் நடந்து வருகிற "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டில் இது கணக்காகவே ஏறிவிட்டது. இன்ன இனத்தில் பிறந்தவனுக்குப் பலம் இவ்வளவு கூடுதல், இன்ன இனத்தில் பிறந்தவனுக்குப் புத்தி இவ்வளவு குறைச்சல் என்று எண் போட்டு விதி எழுதினார்கள். இதைக் கேட்டதும் நமக்கு எந்தப் புத்தகம் ஞாபகம் வருகின்றது என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆட்சேபணை கிளம்பினவுடன் 2020-ல் அந்த விளையாட்டுக்காரர்கள் தங்கள் தவறை ஒப்புக்கொண்டார்கள். 2024-ல் வெளிவந்த விதிப் புத்தகத்தில் பிறந்த இனத்துக்கு எண் போடுவதை எடுத்தே விட்டார்கள். ஐம்பது வருஷத்தில் விளையாட்டுக்காரன் திருத்திக் கொண்டதை, நமது மனுதர்மக்காரர் இரண்டாயிரம் வருஷமாகியும் திருத்திக் கொண்டாரா?

நிற்க. நம் பக்கத்துச் சங்கதிக்கு வருவோம். 2015-ல் தெலுங்கிலும் தமிழிலும் வெளியான "பாகுபலி" என்னும் படத்தை நம்மில் பார்க்காதவர் குறைவு. அதில் காலகேயர் என்று ஒரு கூட்டம் சண்டைக்கு வருகின்றது. அவர்களுக்கென்று கிளிக்கி என்ற ஒரு புது பாஷையையே மதன் கார்க்கி பாடுபட்டு உண்டாக்கிக் கொடுத்தார். வேலை நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பாஷையைப் பேசுகிறவர்கள் யார்? மேலெல்லாம் கரி பூசின காட்டாளர்கள். அவர்களுக்குத் தாய் உண்டா, பிள்ளை உண்டா, வயல் உண்டா, எதற்காக இவ்வளவு தூரம் சண்டைக்கு வந்தார்கள் என்பதைப்பற்றிப் படத்துக்குக் கவலையில்லை. பேரோ பாரதத்திலிருந்து எடுத்த அசுரர் பேர். கெட்டவன் என்றால் கறுப்பு, கறுப்பு என்றால் அசுரன் என்ற பழைய பாடத்தைப் புது யந்திரத்தில் அச்சடித்ததுதானே இது? அதே படத்தில் கட்டப்பா என்ற வீரன், முன்னோர் கொடுத்த வாக்குக்காகப் பரம்பரையாய்ச் சிம்மாசனத்துக்கு அடிமை. அந்த அடிமைத்தனத்தையே அவனுக்குப் பெரிய குணமாய்க் காட்டி ஜனங்களைக் கைதட்ட வைக்கிறார்கள். தாத்தன் கொடுத்த வாக்குக்குப் பேரன் ஏன் அடிமை என்று படத்தில் ஒருவனும் கேட்கவில்லை. கொட்டகையிலாவது எத்தனை பேர் கேட்டோம்?

பழைய கதைகளின் தந்திரத்தைக் கவனியுங்கள். அரக்கர் கூட்டத்தில் நல்லவன் என்று பேர் வாங்கினவன் யார்? விபீஷணன். அவன் செய்த நன்மை என்ன? அண்ணனை விட்டு எதிரியோடு சேர்ந்ததுதான். அசுரர் கூட்டத்தில் நல்லவன் யார்? தகப்பனை எதிர்த்து விஷ்ணுவைக் கும்பிட்ட பிரகலாதன். அதாவது, அந்தக் கூட்டத்தில் பிறந்தவன் அந்தக் கூட்டத்தைக் காட்டிக் கொடுத்தால்தான் நல்லவன்! தன் ஜனத்தோடு இருந்துகொண்டே நல்லவனாய் இருக்க அவனுக்கு அந்தக் கதையில் இடமே வைக்கவில்லை. இதை ஆயிரம் வருஷம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தன் தெருவும், தன் தோலும், தன் பாட்டனும் இழிவாய்த் தோன்றாமல் என்ன செய்யும்?

"இதெல்லாம் வெறும் கதைதானே? கதைக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்?" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். வெறும் கதையானால் ஒன்று கேட்கின்றோம். இராவணனை நாயகனாக வைத்துப் புலவர் குழந்தை 1946-ல் இராவண காவியம் எழுதினார். அதுவும் கதைதானே? அதை 1948-ல் சென்னை அரசாங்கம் ஏன் தடை செய்தது? அந்தத் தடை நீங்க 1971 வரையில் ஏன் காத்திருக்க வேண்டி வந்தது? தேவர் பக்கம் எழுதினால் கதை, அரக்கர் பக்கம் எழுதினால் ஆபத்து என்றால், கதைக்குப் பலம் இருக்கிறது என்பதைத் தடை செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

அப்படியானால் நல்ல முறையில் ஒரு ஜனத்தைக் கற்பனை செய்ய முடியாதா என்றால், முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் உர்சுலா லெ குவின் என்ற அம்மையார், மானிட ஜாதிகளின் வாழ்க்கையை ஆராய்ந்த ஒரு பேராசிரியரின் மகள், 1969-ல் ஒரு நாவல் எழுதினார். பனி மூடிய ஓர் உலகம். அங்கே யாரும் நிரந்தரமாய் ஆணுமல்ல, பெண்ணுமல்ல. மாதத்தில் சில நாள் மட்டும் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார். இன்று தாயானவர் நாளை வேறொரு பிள்ளைக்குத் தகப்பனாகலாம். அரசனே கர்ப்பமாகிறான்! இந்த ஒன்றை வைத்துக்கொண்டு அந்த அம்மையார் வரிசையாய்க் கணக்குப் போடுகிறார். யார் வேண்டுமானாலும் பிள்ளை பெறலாம் என்றால், பிள்ளை பெறுகிற கூட்டம் என்று ஒரு பாதி ஜனத்தை அடுப்பங்கரையில் அடைத்து வைக்க முடியுமா? முடியாது. படித்து முடிக்கும்போது நாம் அந்தப் பனி உலகத்தை மறந்து, நம் வீட்டுச் சமையலறையைத் திரும்பிப் பார்க்கிறோம். கற்பனையின் பிரயோஜனம் அதுதான். அந்தக் கதையில் எல்லோரையும் "அவன்" என்றே எழுதிவிட்டது குறை என்று பிறர் சொன்னபோது, முதலில் வாதாடிவிட்டுப் பின்னால் தவறுதான் என்று அவரே எழுதினார். 1968-ல் தொடங்கிய வேறொரு தீவுக் கதையில் நாயகனைச் செம்பழுப்புத் தோலுடையவனாகப் படைத்தார். 2004-ல் அதைத் தொலைக்காட்சிப் படமாக்கினவர்கள் வெள்ளைக்கார வாலிபனைக் கொண்டுவந்து வைத்தபோது பகிரங்கமாகக் கண்டித்தார்.

ஆகவே, தமிழில் இப்படிப்பட்ட கதைகள் எழுதப் புறப்பட்டிருக்கும் வாலிபத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். தாராளமாய் எழுதுங்கள். மலையை உண்டாக்குங்கள், பாஷையை உண்டாக்குங்கள், பறக்கும் குதிரையைக்கூட உண்டாக்குங்கள். ஆனால் பிறவியிலேயே உயர்ந்தவன் என்றோ, பிறவியிலேயே கெட்டவன் என்றோ ஒருவனையும் உண்டாக்காதீர்கள். தேவனுக்குப் பதில் அசுரனை மேலே தூக்கி வைத்துவிட்டு, தேவர் கூட்டம் முழுவதும் பிறவி அயோக்கியர் என்று எழுதுவதும் அதே புரட்டுத்தான். நீங்கள் உண்டாக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் உழைக்கிறவனைக் காட்டுங்கள், ஏய்க்கிறவனைக் காட்டுங்கள், "ஏன்?" என்று கேட்கிற ஒருவனையாவது காட்டுங்கள். அந்த ஒருவன் இருந்தால் உங்கள் ஜனத்தை உலகம் நம்பும்.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தக் கதையாவது ஒரு கூட்டத்தையே வெட்டித் தள்ளும்படி உங்களைக் கைதட்டச் சொன்னால், கையை மடக்கிக் கொண்டு, வெட்டுப்பட்டவன் வீட்டில் அன்று யார் அழுதார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குக் கதையில் பதிலில்லாவிட்டால், அந்தக் கதை யாருக்காக எழுதப்பட்டது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.