புள்ளியை விழுங்கும் ஒப்பனை எழுத்துகள்



அண்மையில் ஒரு மாலை, பள்ளி விட்டதும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனோடு தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். நெடுஞ்சாலையோரப் பலகை ஒன்றைக் கண்ட அவன், "ஐயா, மணை விற்பனைக்கு என்று போட்டிருக்கிறார்களே, மணமக்கள் அமரும் மணையா?" என்று வினவினான். அங்கு விற்கப்பட்டதோ வீட்டுமனை! பிள்ளைமேல் பிழையில்லை. அப்பலகையின் எழுத்துகளில் நிமிர்ந்த கோடுகளெல்லாம் தூண்போல் தடித்திருந்தன. அவற்றை இணைக்கும் வளைவுகளோ மயிரிழையாய் மெலிந்திருந்தன. ஓடும் பேருந்திலிருந்து காண்பவன் இரண்டு சுழியா மூன்று சுழியா என எங்ஙனம் எண்ணுவான்?

அதே சாலையில் ஒரு கண் மருத்துவமனை. அதன் பலகையில் 'கண்' என்னும் சொல்லின் புள்ளி கடுகளவு. எதிர்ப்புறம் நின்று பார்த்தால் 'கண மருத்துவமனை' என்றே தெரிகிறது. கண்ணொளி வழங்கும் இடத்திற்கே இந்நிலை!

தடிப்பும் மெலிவும் மலைக்கும் மடுவுக்குமாய் வேறுபடும் இவ்வெழுத்துமுறை எங்கிருந்து வந்தது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பார்மா நகரில் போடோனியும், பாரிசில் திதோ குடும்பத்தாரும் உரோமன் எழுத்துக்கு இவ்வழகைத் தேடினர். வழவழப்பான தாளில், கைக்கெட்டும் தொலைவில் வைத்துப் படிக்கும் நூல்களுக்கு அது பொருந்தியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் அச்சகத்தார் அதையே மேலும் கொழுக்கவைத்து விளம்பரத் தாள்களில் ஏற்றினர். அவர்கள் எழுத்து, அவர்கள் விருப்பம். நமக்கு அதில் வழக்கில்லை.

நம் வழக்கு வேறு. நம் எழுத்து ஓலையில் எழுத்தாணி கீறி வளர்ந்தது. எழுத்தாணிக்குத் தடிப்பு மெலிவு தெரியாது. கோடு முழுதும் ஒரே கனம். ஆகவே தமிழில் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தினின்று பிரித்துக் காட்டும் உறுப்பு எங்கும் இருக்கலாம்: றன்னகரத்தையும் டண்ணகரத்தையும் பிரிப்பது ஒரு சுழி, ரகரத்தையும் துணைக்காலையும் பிரிப்பது அடியில் சாய்ந்திறங்கும் ஒரு கீற்று, மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பது ஒரு புள்ளி. உரோமன் முறையை அப்படியே எடுத்துத் தமிழ்மேல் போர்த்துவோர் மெலிவிப்பவை பெரும்பாலும் இந்த உறுப்புகளையே. உயிர்நாடியை அறுத்துவிட்டு உடம்புக்குச் சாந்து பூசுகிறார்கள்!

புள்ளியின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். மெய்க்குப் புள்ளி வேண்டுமென்று வரையறுத்தவர் தொல்காப்பியர். ஓலையில் குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதியோர் அதை விட்டனர். அதனால் நேர்ந்த இடர் சிறிதன்று. சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதையரும் ஏடுகளோடு மல்லாடியபோது, மெய் எது உயிர்மெய் எது, குறில் எது நெடில் எது, துணைக்கால் எது ரகரம் எது என்று ஒவ்வோர் அடியிலும் கண் நோகத் தேட வேண்டியிருந்தது. அச்சு வந்து நிலைத்த பின்பே அக்குழப்பம் தீர்ந்தது. புள்ளி இல்லாமைக்கு அன்று ஓலையின் மென்மை கரணியம். இன்று பத்தடி நீளப் பலகையில் புள்ளி இல்லாமைக்கு என்ன கரணியம்? ஒளிவிளக்குப் பலகையானால் நிலைமை இன்னும் கேடு. தடித்த கோட்டின் ஒளி பரவிச் சுழியின் உள்வெளியை அடைத்துவிடுகிறது. 'கல்வி நிலையம்' என்னும் பலகையில் புள்ளி மறைந்தால் என்னாகும் என்பதைத் தமிழறிந்தார்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1978இல் 13 எழுத்துகளின் உருவை மாற்ற ஓர் அரசாணை வேண்டியிருந்தது. இன்றோ கணினிமுன் அமர்ந்த ஒருவர் 18 மெய்களின் புள்ளியையும் கேட்பாரின்றிக் கரைத்துவிடுகிறார்!

கடைப் பலகைகளில் தமிழே முதன்மை. தமிழும் ஆங்கிலமும் பிறமொழியும் 5:3:2 என்னும் அளவில் அமைய வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் அளவுகோல் உயரத்தை அளக்கும். படிக்க முடிகிறதா என்பதை அளக்காது. மேலே ஐந்து பங்கில் படிக்க முடியாத தமிழ். கீழே மூன்று பங்கில் பளிச்சென்ற ஆங்கிலம். வருவோர் எதைப் படித்துக் கடைக்குள் நுழைவர்? நெறிமுறையை நிறைவேற்றிக்கொண்டே தமிழை ஒதுக்கும் தந்திரம் இது. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எல்லாரையும் நான் குற்றஞ்சாட்டவில்லை. பலர் அறியாமலே செய்கின்றனர்.

தடிப்பு மெலிவே கூடாதென்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. முன்பு சுவரெழுதிய ஓவியர்களும் தட்டைத் தூரிகையால் அதைச் செய்தனர். ஆனால் புள்ளியைத் தூரிகையின் முழு அகலத்துக்கு வைத்தனர். சுழியைத் திறந்து விட்டனர். தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் மஞ்சள் பலகையைப் பாருங்கள் (அதிலுள்ள இந்தி வரியைப் பற்றிய வழக்கு வேறு). கருப்பில் சீரான தடிப்பில் நிற்கும் அந்தத் தமிழை ஓடும் வண்டியிலிருந்தும் படிக்கலாம்.

கண் மருத்துவமனைக்குள் சென்று மேலாளரிடம் சொன்னேன். "ஆங்கில எழுத்துக்கு இணையாய் இருக்கட்டுமென்று வரைபவர் செய்தார் ஐயா, நாங்கள் பார்க்கவில்லை" என்றார். அவரைச் சாலையின் எதிர்ப்புறம் அழைத்துச் சென்று படிக்கச் சொன்னேன். ஒருகணம் விழித்துவிட்டுச் சிரித்தார். அடுத்த முறை பலகை மாற்றும்போது புள்ளியைப் பெரிதாக்குவதாய்ச் சொல்லியிருக்கிறார். பல்லாவரத்திலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் உள்ள அன்பர்கள் தத்தம் தெருவில் எதிர்ப்புறம் நின்று பாருங்கள். படிக்க முடியாத பலகையின் உரிமையாளரை அழைத்து வந்து அதே இடத்தில் நிறுத்துங்கள்.