விற்ற காருக்கு வந்த பார்க்கிங் பில்!

ராஜபாளையத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி பத்தரை மணி இருக்கும். சாப்பாடு முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி வந்த பால்கோவாவைப் பிரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். பெரியப்பாவின் போனில் ஒரு மெசேஜ். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தவர், போனை என்னிடம் நீட்டினார்.

பார்க்கிங் கட்டணம் 120 ரூபாய் அவருடைய ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இடம், சென்னையில் ஒரு ஷாப்பிங் மால்.

"என்னம்மா இது? நான் இங்க உக்காந்து பால்கோவா தின்னுக்கிட்டு இருக்கேன். என் கார் சென்னையில சினிமா பாக்குதா?"

"உங்க கார் எங்க பெரியப்பா இருக்கு?"

"அதை வித்து ஏழு மாசம் ஆச்சே!"

வாங்கியவர் அடுத்த தெருக்காரர். பல வருடப் பழக்கம். அவருடைய மகன் சென்னையில் வேலை பார்க்கிறார், கார் அங்கேதான் ஓடுகிறது. பணம் கைக்கு வந்துவிட்டது, சாவியும் ஆர்.சி. புக்கும் கைமாறிவிட்டன. ஆனால், முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். பணம் குறைந்தால் தானாக நிரம்பும்படி லண்டனில் இருக்கும் அண்ணன் எப்போதோ ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான். பெரியப்பா வாட்ஸ்அப் மட்டும் பார்ப்பவர். சாதாரண மெசேஜ்களைத் திறந்து பார்த்தால், கப்பலூரில் தொடங்கி சென்னை வரைக்கும் வரிசையாக டோல்கேட் கட்டணம். கூட்டிப் பார்த்தோம். 2,340 ரூபாய்.

"உங்க பேர்லதான் சார் இருக்கு!"

மறுநாள் காலையில் டேக் கொடுத்த வங்கிக்குப் போன் போட்டோம். பெரியப்பா மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். விடுவாரா? அரை மணி நேரம் வாதாடினார். எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாக ஒரே பதிலைத்தான் சொன்னார். "டேக் உங்க பேர்ல ஆக்டிவ்வா இருக்கு சார். அது ஸ்கேன் ஆகித்தான் பணம் போயிருக்கு. வண்டியை வித்ததை நீங்க எங்களுக்குச் சொல்லவே இல்லையே?"

யோசித்தால், அவர் சொன்னதில் தப்பில்லை. டேக்கை அப்போதே முடக்கச் சொன்னோம். முடக்கிவிட்டார்கள். மீதமிருந்த தொகைக்கும் டெபாசிட்டுக்கும் தனியாக விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் பெரியப்பா நினைத்தார். எனக்கு ஒரு சந்தேகம். எம்பரிவாகன் செயலியில் அந்த வண்டி நம்பரைப் போட்டேன். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்துகளை நட்சத்திரக் குறியால் மறைத்திருந்தார்கள். மீதி எழுத்துகளே போதுமானதாக இருந்தன. அது பெரியப்பாவின் பெயர்.

அதற்குக் கீழே இன்னொரு வரி. இன்ஷூரன்ஸ் முடிய இன்னும் 9 நாள்.

"பாரம் 29, பாரம் 30 எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனேம்மா?"

"வாங்குறவர் பேரும் தேதியும் எழுதியிருந்துச்சா பெரியப்பா?"

பதில் இல்லை. நம் ஊர்களில் பழைய வண்டி வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பெயர் மாற்றத்தை 'அப்புறம் பாத்துக்கலாம்'.

சட்டம் யாரை உரிமையாளர் என்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவர்தான் பொதுவாக உரிமையாளர். பணம் கொடுத்தவரோ, சாவியை வைத்திருப்பவரோ அல்ல. அதே சட்டத்தின் 50-வது பிரிவு இரண்டு பேருக்கும் வேலை கொடுத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவித்து, தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாற்றாவிட்டால் என்ன ஆகும்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன 'நவீன்குமார் எதிர் விஜய்குமார்' வழக்கைப் பாருங்கள். விஜய்குமார் தன் காரை 2007-ல் விற்றுவிட்டார். அதன் பிறகு அந்த கார் அடுத்தடுத்து கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் அவர் பெயரே இருந்தது. 2009-ல் அந்த கார் மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். 'நான் எப்போதோ விற்றுவிட்டேன்' என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வண்டி யார் யார் கைக்குப் போனது என்று பாதிக்கப்பட்டவர்கள் தேடி அலைய முடியாது, பதிவில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது.

இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தால் நஷ்டஈட்டை அந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும். முடிந்துபோயிருந்தால்? அந்த 9 நாள் என்ற வரியைப் பார்த்து எனக்கு ஏன் பதறியது என்று இப்போது புரிந்திருக்கும்.

எந்த பில்லுக்கு என்ன பதில்?

விற்ற வண்டிக்கு வரும் பார்க்கிங் தொல்லைகள் மூன்று வகை. மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

ஒன்று, ஃபாஸ்டேக்கில் எடுக்கப்படும் கட்டணம். டேக் கொடுத்த வங்கியில் உடனே டேக்கை முடக்கச் சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். விற்றதைத் தெரிவித்த பிறகும் பணம் எடுத்திருந்தால் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தெரிவிக்காமல் விட்ட காலத்துப் பணத்தை வங்கியிடம் கேட்பதைவிட, வாங்கியவரிடம் கேட்பதுதான் நியாயம்.

இரண்டு, தனியார் பார்க்கிங்காரர்கள் கேட்கும் பாக்கி. ஸ்டாண்டு குத்தகைக்காரரோ மால் நிர்வாகமோ போலீஸ் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அந்தக் கட்டணம், வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவருக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். நீங்கள் நிறுத்தவில்லை என்றால், விற்ற தேதியையும் டெலிவரி சீட்டின் நகலையும் வைத்து எழுத்தில் பதில் கொடுங்கள். 'சின்னத் தொகைதானே' என்று கட்டிவிட்டால், வண்டி இன்னும் உங்களுடையதுதான் என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மூன்று, போலீஸ் போடும் இ-சலான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதங்கள் உயர்ந்த பிறகு, நோ பார்க்கிங்குக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். இது ஆர்.சி.யில் இருக்கும் பெயருக்குத்தான் வரும். இ-சலான் இணையதளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது. விற்பனை ஆவணத்தை இணைத்து அங்கே ஆட்சேபிக்கலாம். கண்டுகொள்ளாமல் விட்டால், நிலுவைச் சலானே பெயர் மாற்றத்துக்குத் தடையாக வந்து நிற்கலாம்.

லண்டனில் இருந்து ஒரு குரல்

அன்று மாலை அண்ணன் வீடியோ காலில் வந்தான். "இங்கேயும் எனக்கு இதே மாதிரி ஆச்சு. ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனியில இருந்து லெட்டர் வந்துச்சு, நான் வித்த காருக்கு" என்றான். இங்கிலாந்தில் 2012-ல் வந்த ஒரு சட்டம், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் வண்டியை வைத்திருப்பவரிடம் கட்டணம் கேட்க பார்க்கிங் நிறுவனங்களுக்கு வழி செய்கிறது. பதிவில் உள்ளவர்தான் வைத்திருக்கிறார் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபித்தால் விட்டுவிடும். விற்ற அன்றே அவன் அங்குள்ள வாகனப் பதிவுத் துறையின் இணையதளத்தில் தெரிவித்திருந்தான். வந்த ஈமெயிலை அனுப்பினான், விஷயம் முடிந்தது.

"அஞ்சு நிமிஷ வேலைப்பா" என்றான். பெரியப்பாவுக்குக் கோபம். "அதை ஏழு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

கேட்க என்ன கூச்சம்?

உண்மையில் பெரியப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. "தெரிஞ்ச மனுசன்கிட்டப் போயி, பேரை மாத்திட்டியான்னு எப்படிம்மா கேக்குறது? நம்பிக்கை இல்லைன்னு நினைச்சுக்குவாரே" என்றார். அந்தக் கூச்சம்தான் ஏழு மாதத்தை விழுங்கியது.

ஒரு வழியாக நாங்கள் இருவரும் அடுத்த தெருவுக்குப் போனோம். அவர் எங்களைவிடப் பதறிப்போனார். "தீபாவளி கழிச்சு மாத்திக்கலாம்னு இருந்தேண்ணே, அப்படியே போயிருச்சு" என்றவர், 2,340 ரூபாயை உடனே ஜிபேயில் அனுப்பினார். இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க மகனுக்கு அங்கேயே போன் போட்டார். அந்த வாரமே இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரே பஸ்ஸில் போய்விட்டு வந்தார்கள். திரும்பும்போது பெரியப்பா சொன்னாராம், "ஆடிப்பூரத் தேர்தான் ஊருக்கே சொந்தம். நம்ம காருக்கு ஒரு ஆள்தான் இருக்கணும்."

மூன்று வாரம் கழித்து செயலியில் பெயர் மாறியிருந்தது. பெரியப்பா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப குரூப்பில் போட்டார்.

வண்டியை விற்கிறீர்களா? இதைச் செய்யுங்கள்

* பாரம் 29, 30-ல் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி சீட்டு அவசியம். வாங்குபவரின் அடையாள அட்டை நகலும் வேண்டும்.

* கடனில் வாங்கிய வண்டியா? வங்கியின் என்.ஓ.சி.யும் பாரம் 35-ம் இல்லாமல் பெயர் மாற்றம் நகராது. முதலில் அதை முடியுங்கள்.

* பழைய கார் டீலரிடம் கொடுத்தால், அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிப்படி, பாரம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு வண்டிக்குப் பொறுப்பு டீலர்தான். அதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

* சாவி கொடுக்கும் அன்றே ஃபாஸ்டேக்கைக் கிழித்து எடுங்கள். வங்கியில் கணக்கை மூடுங்கள்.

* ஒரு மாதம் கழித்து செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரே இருந்தால், கூச்சப்படாமல் வாங்கியவருக்குப் போன் போடுங்கள்.

உங்கள் வீட்டிலும் விற்ற கார், பைக், அப்பாவின் பழைய ஸ்கூட்டர் ஏதாவது இருக்கும். இதைப் படிக்கும் போனிலேயே அந்த நம்பரையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்களேன்!