வயிற்றில் அடிபட்ட ஆட்டக்காரர் குறித்து எமது கபடிக் கழகத்தின் நிலைப்பாடு

பொங்கல் பந்தயத்தை முன்னிட்டுப் பண்டசோழநல்லூரில் கூடிய அணிகளின் கூட்டத்தில், வயிற்றில் அடிபட்டு வெளியேறியவரை அதே ஆட்டத்தில் மீண்டும் இறக்குவது அந்தந்த அணித்தலைவரின் விருப்பம் என்று முடிவாயிற்று. அம்முடிவை எமது கழகம் ஏற்பதற்கில்லை.

கபடியில் பாடி வந்தவரை மடக்கி அவர்மேல் நாலைந்து பேர் விழுவதும், ஒருவர் முழங்கால் அவர் விலாவின் கீழ் இறங்குவதும் புதிதல்ல. கை முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். இடப்பக்க விலாவெலும்புகளின் மறைவில் ஒடுங்கியிருக்கும் மண்ணீரல் கிழிந்தாலோ தோலில் ஒரு கன்றலும் இல்லாதிருக்கக் கூடும். அதன் உறைக்குள் தேங்கிய உதிரம் சில மணியோ சில நாளோ கழித்து உடைத்துக்கொண்டு பெருகுவதும் உண்டு. மலேரியாவோ டைபாய்டோ கண்டு மண்ணீரல் வீங்கியவருக்குச் சிறு அடியே போதும். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் கபடிக் களத்திலேயே ஓர் இளைஞர் மாண்டதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே அடி விழுந்தது மார்பில் என்பர்; ஆனால் அங்கும் இடித்தது முழங்கால்தான்.

இனி, சொல்லியே தீரவேண்டியது ஒன்று. அடிபட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவுடன், ‘குடலேறிவிட்டது’ என்று ஒருவர் தீர்ப்புச் சொல்ல, மற்றொருவர் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை வழித்துவிட, இன்னொருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்ற, ஐந்து நிமிஷத்தில் முதுகைத் தட்டிக் கோட்டுக்குள் தள்ளிவிடுகிறோமே, இவ்வழக்கத்தை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தாலும் தகும். கிழிந்த உறுப்பின்மேல் கட்டைவிரலை அழுத்தித் தேய்ப்பது வைத்தியமன்று. தானே அடங்கவிருந்த உதிரத்தையும் திறந்துவிடும் காரியம். சத்திரசிகிச்சை தேவைப்படின் வயிறு வெறுமையாக இருக்க வேண்டுமாதலால் சோடாவும் ஆகாது. வழித்துவிடும் பெரியவர்களின் அநுபவத்தைக் குறைத்துரைப்பது எமது நோக்கமன்று என்ற வாக்கியத்தைச் சேர்க்குமாறு அங்கத்தினர் சிலர் வேண்ட, சேர்த்திருக்கிறோம். ஆயினும் அந்த அநுபவம் பந்தயக் களத்துக்கு வரவேண்டாம்.

காரணமின்றி இடது தோள் வலித்தாலோ, முகம் வெளுத்துக் குளிர வியர்த்தாலோ, நாடி படபடத்தாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, வாயில் எதுவும் கொடாமல் 108-ஐ அழைத்து, ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் உள்ள கோரிமேட்டு ஜிப்மருக்கோ கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுசெல்ல வேண்டும்.

அடிபட்ட அனைவரையும் விலக்கிவைப்பது சாத்தியமா என்பதில் எங்களுக்குள்ளும் அபிப்பிராய பேதம் இருந்தபடியால், வயிற்றில் அடிபட்டவர் ‘இயன்றவரை’ அன்று ஆடாதிருத்தல் நலம் என்பதே ஏகமனதாக நிறைவேறிய வாசகம். ஆனால் மாற்றாட்டக்காரர்கள் கோட்டோரம் உட்கார்ந்திருக்கையில் இயலாமை எங்கிருந்து வந்தது? ஒரு கோப்பைக்காகவா பிள்ளையின் பிராணனைப் பணயம் வைப்பது?

பண்டசோழநல்லூர்க் கூட்டத்தின் முடிவு திருத்தப்படும் வரை எமது அணி பந்தயத்துக்குப் பெயர் கொடுக்காது.