படகு இருக்கைக்கு அடியில்

அப்பா படகில் விழுந்துவிட்டார் என்று தம்பி போன் செய்தபோது, காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு அப்போதுதான் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்திருந்தேன். "கால் வழுக்கிடுச்சாம்க்கா. இடுப்புல அடி. எலும்பு ஒண்ணும் முறியலன்னு டாக்டர் சொல்லிட்டாரு, நீ பயப்படாத" என்றான். அன்று மாலையே தெலுக் இந்தானுக்குக் காரைக் கிளப்பிவிட்டேன்.

அப்பா செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் தனக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள், 16 அடி நீளமுள்ள ஒரு பழைய ஃபைபர் படகு. வாரத்தில் இரண்டு நாள், பக்கத்து வீட்டு பாக்சிக்கோடு பேராக் ஆற்றில் ஊடாங் காலா பிடிக்கப் போவார். நீரோட்டம் ஒத்துவந்தால் கீழே பாகான் டத்தோ பக்கம் வரைக்கும் போய் வருவார்கள். பிடிக்கிற இறாலைவிட பெட்ரோலுக்குக் கொடுக்கிற காசு அதிகம் என்பது அம்மாவின் நிரந்தரக் கணக்கு.

மறுநாள் காலையில் நான் மட்டும் போய்ப் படகைப் பார்த்தேன். ஓட்டுபவர் உட்காரும் இருக்கை நடுவில் குழிந்து கிடந்தது. அடிப்பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. அப்பாவுக்குக் கால் வழுக்கவில்லை. உட்கார்ந்த இடம் உடைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, படகின் விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்திருக்கிறார்.

அந்த இருக்கைக்கு உறை போட்டது நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளி விடுமுறையில் நடந்தது அது. பழைய உறை கிழிந்து ஸ்பாஞ்ச் எட்டிப் பார்த்தது. சோபாவுக்குப் போடும் வினைல் துணியைப் பட்டணத்தில் வாங்கிவந்து, பழையதைக் கழற்றக்கூட இல்லாமல் அதன் மேலேயே இழுத்து ஸ்டேப்ளர் கன்னால் அடித்தேன். மொத்தம் ஒரு மதியப் பொழுது. படம் எடுத்துப் போட்டேன், லைக் குவிந்தது. அது போதாதென்று, 'நீங்களே செய்யலாம்' என்று நிகழ்ச்சியில் நேயர்களுக்கு வேறு சொல்லிக் கொடுத்தேன். அதைக் கேட்டு எத்தனை பேர் செய்தார்களோ, அவர்களுக்காகவும்தான் இந்த வாரப் பகுதி.

இருக்கையைத் திருப்பிப் போட்டுப் பிரித்தேன். ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்து, விரலால் தொட்டாலே பொடிந்தன. உள்ளே இருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் வடிந்தது. கடைசியாக மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது என்றார் பாக்சிக். அடிப்பலகை மழையில் நனைந்த பாடப்புத்தகம் மாதிரி அடுக்கடுக்காக உப்பிப் பிரிந்திருந்தது.

வினைல் தண்ணீர் புகாத துணி என்றுதானே சொல்லி விற்கிறார்கள்? துணி புகவிடாது, தையல் புகவிடும். ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை. மழை அதன் வழியாக இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் ஆவியாகி வெளியேற வினைல் விடாது. நான் பழைய உறை மேல் புது உறை போட்டபோது, ஏற்கனவே ஈரமாக இருந்த ஸ்பாஞ்சுக்கு இன்னொரு மூடி போட்டிருக்கிறேன். பலகை அன்றிலிருந்தே ஊறிக்கொண்டு இருந்திருக்கிறது. மேலே மட்டும் பளபளவென்று இருந்தது.

வீட்டில் அம்மா ஒரே பிடிவாதம். "படகை வித்துடுங்க. அறுபத்தெட்டு வயசுல இது தேவையா?" அப்பா "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். கால் வழுக்கிய கதையை அவர் மாற்றவே இல்லை. என்னைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பட்டணத்தில் கார் சீட் தைக்கும் குஷன் கடை ஒன்றில் விலை கேட்டேன். ஓட்டுநர் இருக்கை, இரண்டு பக்க பெஞ்சு, முதுகுப் பலகை எல்லாம் சேர்த்து 1,100 வெள்ளி. மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கெடுத்தவள் நான், இன்னொருவர் கையால் அதைச் சரிசெய்து வாங்குவதற்கு மனம் வரவில்லை. சாமான் மட்டும் தருவீர்களா என்று தவுக்கேயிடம் கேட்டேன். அவர் என் போனில் இருந்த படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, துணியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் பலகையைச் செய் என்றார்.

பலகை என்றால் மரைன் பிளைவுட். அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை தண்ணீருக்குக் கரையாதது, அதுதான் முக்கியம். 12 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கி, பழைய பலகையை அச்சாக வைத்து வரைந்து அறுத்தோம் தம்பியும் நானும். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டினோம். கூரான விளிம்பு இருந்தால் இழுத்துக் கட்டிய வினைலை அதுவே மெல்ல அறுத்துவிடும். பிறகு இருக்கைக்கு ஆறு ஓட்டை வீதம் துளைத்தோம். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டும் இல்லையா? கடைசியாக எபாக்சி பூச்சு, மூன்று முறை. தண்ணீர் குடிப்பது பலகையின் முகத்தைவிட அறுத்த விளிம்புதான். அதனால் விளிம்புக்கும் ஓட்டைகளின் உட்புறத்துக்கும் கூடுதலாகப் பூச வேண்டும். கையுறை போடாமல் எபாக்சியைத் தொடாதீர்கள். தம்பி தொட்டான், ஒரு வாரம் சொறிந்துகொண்டு திரிந்தான்.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் எனக்கு என் தொழில் கைகொடுத்தது. மைக்கின் தலையில் கறுப்பாக ஒரு குல்லா மாட்டியிருப்போம், பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள துளைகள் ஒன்றோடொன்று இணைந்தவை. அதனால்தான் குரல் உள்ளே போகிறது. சாதாரண சோபா ஸ்பாஞ்சும் அந்த வகைதான். குரல் போகிற வழியில் தண்ணீரும் போகும். துளைகள் மிகச் சிறியதாக இருப்பதால் போன தண்ணீர் அங்கேயே தங்கும். இதற்கு நேர்மாறானது மூடிய துளை ஸ்பாஞ்ச், யோகா விரிப்பு மாதிரி இருக்கும். ஒரு சொட்டு உறிஞ்சாது, ஆனால் கல்லு மாதிரி கடினம். இடுப்பில் அடிபட்ட மனிதரை அதில் மட்டும் உட்காரவைக்க முடியாது. மூன்றாவது ஒரு வகை உண்டு: துளைகள் பெரிதாக, வலை போல இருக்கும். மேலே ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றினால் அப்படியே கீழே கொட்டிவிடும். விலை அதிகம், தவுக்கே சொல்லித்தான் வரவழைத்தார். அடியில் ஓர் அங்குலம் மூடிய துளை வகை, அதன் மேல் இரண்டு அங்குலம் இந்த வலை வகை என்று வைத்தேன். அடியில் உள்ளதிலும் பலகையின் ஓட்டைக்கு நேராக ஓட்டை போட மறக்கக்கூடாது. ஸ்பாஞ்சை உறையின் அளவைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டினால்தான் உறை சுருக்கமில்லாமல் நிற்கும். ரொட்டி அறுக்கும் கத்தியே போதும்.

துணி வெட்டும் இடத்தில்தான் என் புத்தி போயிற்று. பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, எது எதோடு சேர்கிறது என்று விளிம்பில் கோடு போட்டு, படமும் எடுத்து வைத்தேன். அதுவரை சரி. பக்க பெஞ்சின் ஒரு முனை சாய்வானது. துண்டைப் புதுத் துணியின் பின்பக்கம் வைத்து வரையும்போது திருப்பி வைத்திருக்க வேண்டும். நான் அப்படியே வைத்து வெட்டினேன். இரண்டு பெஞ்சுக்கும் இடது பக்க உறையே கிடைத்தது. ஒரு மீட்டர் மரைன் வினைல் வீண். வெயிலில் வெடிக்காமலும் பூஞ்சை பிடிக்காமலும் இருக்க மருந்து கலந்து செய்வது அது. சோபா வினைல் விலைக்கு வராது.

தைக்கும் வேலைக்கு முதலில் என் புது மெஷினைத்தான் கொண்டுபோனேன். நான்கு அடுக்கு வினைலைப் பார்த்ததும் அது முனகிக்கொண்டு நின்றுவிட்டது. அம்மாவின் கறுப்பு மிதி மெஷினில் உட்கார்ந்தேன். அம்மா சமையலறையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை வந்து என் தையலைத் தூக்கிப் பார்த்தார்.

"இப்படிப் பொடிப்பொடியா தச்சா ஸ்டாம்ப்பைக் கிழிக்கிற மாதிரி கிழிஞ்சிடும்டி. எந்திரி."

எங்கள் தாமானில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தவர் அம்மா. வினைலை இதற்கு முன் தொட்டதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டார். தோல் தைக்கும் 18ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மில்லிமீட்டர், வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல். குண்டூசி குத்தக்கூடாது, குத்திய ஓட்டை மூடாது. அதனால் துணி காயப்போடும் கிளிப்புகளை எடுத்து வந்து மாட்டினார். மெஷினின் இரும்புப் பாதம் வினைலில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தபோது, பேபி பவுடரைத் தூவினார். ஓடியது.

தைத்துக்கொண்டிருந்தவரிடம் சொல்லிவிட்டேன். "அம்மா, அப்பா வழுக்கி விழல. நான் போட்ட சீட்டு உடைஞ்சுதான் விழுந்தாரு."

அம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். அவரு சிலுவார்ல ஒட்டியிருந்த பஞ்சை நான்தானே துவைச்சேன்."

அதற்குப் பிறகு படகை விற்கும் பேச்சு வரவில்லை. வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன்.

உறையைப் பலகையில் இழுத்து அடிப்பது கடைசி வேலை. சாதாரண பின் வேண்டாம், துருப்பிடிக்காத எஃகுப் பின் வாங்குங்கள். கடைக்கு ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள். லேசாக இழுத்தால் பரவாயில்லை, கப்பென்று பிடித்தால் அது வேண்டாம். பின்னின் நீளம் பலகையின் கனத்துக்குள் இருக்க வேண்டும், நாங்கள் 8 மில்லிமீட்டர் போட்டோம். அடிக்கும் முன் உறையைப் பத்து நிமிடம் வெயிலில் போட்டால் வினைல் இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். நம் ஊர் வெயிலுக்கு இப்படியும் ஓர் உபயோகம். நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின் அடித்துவிட்டு, அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போக வேண்டும். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் முடிந்து, அடியில் வலைத்துணி அடித்து, துருப்பிடிக்காத திருகுகளில் சீலண்ட் தடவி முடுக்கினோம்.

நான்கு வார இறுதிகள் போயின. வீணாய்ப்போன அந்த ஒரு மீட்டரையும் சேர்த்து 540 வெள்ளி ஆனது. பெட்ரோலும் டோலும் தனி. 'நீங்களே செய்தால் மிச்சம்' என்று இனி வானொலியில் அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டேன். பழைய யோசனை தப்பு என்று போன வாரம் நிகழ்ச்சியிலேயே சொன்னேன். தானும் மேலேயே போட்டு அடித்ததாக ஒரு நேயர் கூப்பிட்டார். இன்றைக்கே திருப்பிப் பாருங்கள் என்றேன். பராமரிப்புக்குச் சோப்புத் தண்ணீர் போதும். குளோரோக்ஸ் மாதிரி வெளுப்பான் ஊற்றித் தேய்த்தால் நூல் நைந்துவிடும். மழைக்குப் பிறகு இருக்கைகளை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், மிச்சத் தண்ணீர் தானே வடியும்.

அப்பா கைத்தடியோடு வந்து பார்த்தார். அம்மாவின் தையலையோ, நான் தேர்ந்தெடுத்த நீல நிறத்தையோ அவர் பார்க்கவில்லை. இருக்கையைத் தூக்கி, கவிழ்த்து, முட்டியால் பலகையைத் தட்டினார். நான்கு மூலையிலும் தட்டினார். ஆலையில் இயந்திரத்தைத் தட்டிக் கேட்ட காது அது.

"எத்தனை ஓட்டை?"

"ஆறுப்பா."

"ம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார். பிறகு பாக்சிக்கைப் பார்த்து, சனிக்கிழமை தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று கேட்டார்.

பாக்சிக் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் மோட்டார் சைக்கிள் சீட்டும் ரொம்ப நாளாகக் கிழிந்து கிடக்கிறதாம். தவுக்கேயிடம் இன்னும் ஒரு மீட்டருக்குச் சொல்லியிருக்கிறேன்.